42 பல்லும் ஒரு கேக்கும்

குந்து தம்பி. திண்ணைதான், சோபா இல்ல. பேண்ட்ல மண்ணு ஒட்டுனா தட்டிக்கலாம். சீசரையும் நிழலுக்கு இட்டுனு வா. சங்கிலிய அவுத்து வுடு, எங்கயும் ஓட மாட்டான். ஓடுற வயசா அவனுக்கு?

நேத்து ராத்திரி உங்க அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடியில கலர் லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுதே, இன்னா விசேஷம்னு வாட்ச்மேனாண்ட கேட்டேன். "சீசருக்குப் பத்தாவது பொறந்தநாளு பெரியவரே, கேக்கு வெட்டுறாங்க"ன்னான். நல்லா இருக்கட்டும். என் அறுபதாங்கல்யாணத்துக்கு எம்புள்ளைங்க கேக்கு வாங்கல, அத்த மனசுல வச்சிகினு பேசுறேன்னு நெனைக்காத. கோழிக்கறி போட்ட கேக்காமே? மேல எலும்பு மாதிரி பிஸ்கட்டு குத்தி வச்சிருந்தாங்களாமே? அவன் ஆசையா ஓடியாந்து ஒரு கடி கடிச்சானாம், கீழ போட்டானாம், ஓரமாப் போய்ப் படுத்துகினானாம். நீ இன்னா சொன்னியாம்? "க்ரீம் புடிக்கல போல."

க்ரீம் புடிக்கல. சர்தான்.

போன வாரம் பால் பாக்கெட் வாங்க வந்தப்ப இன்னொண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா? "தாத்தா, இப்பல்லாம் இவன மூஞ்சிகிட்ட வுடறதில்ல. வாய் நாறுது. வயசாயிடுச்சில்ல"ன்ன. வயசானா வாய் நாறும்னு எந்தக் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்க? எனக்கு எழுபத்திநாலு. இம்மாம் பக்கத்துல குந்தினுகிறியே, நான் நாறுறனா?

பதில் சொல்ல வேணாம். சும்மா கேட்டேன்.

வயசுக்கு வாடை கிடையாது தம்பி, சீக்குக்குத்தான் வாடை. பல்லு இடுக்குல கிருமி குடித்தனம் பண்ணி, ஈறு அழுவி, அதுதான் மூச்சோட வெளிய வருது. சில நேரம் கிட்னி கெட்டாலும் வாய்ல மூத்திர வாடை வரும். சர்க்கரை முத்திப் போனா அழுவுன பழம் மாதிரி ஒரு வாடை வரும். எதுவா இருந்தாலும் 'வயசாயிடுச்சு'ன்னு சீட்டு ஒட்டி மூலையில போடுற சமாச்சாரமில்ல. அந்தச் சீட்ட எனக்கும் ஒட்டிப் பார்த்தாங்க எங்க வூட்ல. ஒட்டல.

சரி, இப்பவே பார்த்துடலாம். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு, வருஷா வருஷம் வெறிநாய் ஊசி போட்டுகினு வர்றியா? போட்டுட்டியா, நல்லது. அத்தக் கேட்டுட்டுத்தான் எந்த நாய் வாய்கிட்டயும் கைய கொண்டு போவணும். ஊசி போடாத நாய், திடீர்னு தாடை தொங்கி, எச்சி ஒழுவி, முழுங்க முடியாம நின்னா, 'தொண்டையில எலும்பு மாட்டிகிச்சு போல'ன்னு வெரல வுட்டு நோண்டக் கூடாது. வெறிநோய்ல கத்தாம, கடிக்காம, தாடை மட்டும் தொங்கிப் போற வகை ஒண்ணு இருக்கு. வெலகி நின்னு டாக்டரக் கூப்புடு. இதுல மட்டும் நான் வெளையாட மாட்டேன்.

இப்ப உதட்டத் தூக்கு. யோவ், வாயப் பொளக்காத! முதலையோட சண்டையா போடப் போற? வாய் மூடியே இருக்கட்டும். பக்கவாட்டுல, கன்னத்தோரமா, உதட்ட மட்டும் கட்டை வெரலால மேல தள்ளு. முன்னாடி கோரைப்பல்லு வெள்ளையா இருக்கேன்னு ஏமாறாத. அது வாசல்ல போட்ட கோலம். வூட்டுக்குள்ள குப்பை இருக்கான்னு பின்கட்டுக்குப் போய்த்தான் பார்க்கணும்.

ஆங். தெரியுதா? அந்தப் பெரிய பல்லு, மலை முகடு மாதிரி நிக்குதே, அதுதான் நாயோட அருவா. கறி கிழிக்கிறதுக்குன்னே ஆண்டவன் வச்ச பல்லு. மேல ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. உன் சீசருக்கு அதுல பல்லு எங்க இருக்கு? பழுப்பா ஓடு கட்டி, ஓட்டுக்கு மேல பச்சை படிஞ்சு, ஏரிக்கரை மதகு மாதிரி இருக்கு.

இது எப்பிடி வந்துச்சுன்னு கேளு. உங்க அப்பார்ட்மெண்ட்ல போர் தண்ணிதானே? பாத்ரூம் குழாயில வெள்ளையா உப்பு கட்டிக்கிது இல்ல, அதே கதை. பல்லு மேல எப்பவும் வழவழன்னு ஒரு பிசுக்கு படியும். இன்னிக்குத் தொடச்சா இன்னிக்கே மறுபடியும் படிய ஆரம்பிக்கும். அந்த நேரத்துல ஒரு துணியால தொடச்சாலே போய்டும். ரெண்டு மூணு நாள் வுட்டா எச்சியில இருக்கிற சுண்ணாம்பு ஏறிக் கல்லாயிடும். அப்புறம் நீ தேய்ச்சாலும் போவாது, உங்கப்பன் வந்து தேய்ச்சாலும் போவாது. எச்சி ஊறுற குழாய் ஒண்ணு கன்னத்துல சரியா அந்த அருவாப் பல்லுக்கு நேரா வந்து தெறக்குது. அதான் அங்க கல்லு ஜாஸ்தி. நம்ம எச்சிய வுட நாய் எச்சியில காரம் தூக்கல். மொளகாக் காரமில்ல, சோடா உப்புக் காரம். அதனால நமக்கு வர்ற மாதிரி சொத்தைப் பல்லு நாய்க்கு அவ்வளவா வராது. ஆனா கல்லு சீக்கிரம் கட்டிக்கும். ஒரு கையில குடுத்துட்டு மறு கையில வாங்கிக்கிறது நம்ம ஊரு மனை புரோக்கருக்கு மட்டும் தெரிஞ்ச வித்தைன்னு நெனச்சேன்.

கல்லக் கூட மன்னிக்கலாம். அதுக்கு மேல பாரு, பல்லும் ஈறும் சேர்ற எடத்துல செவப்பா கோடு போட்ட மாதிரி இருக்கே, அதுதான் கவலை. நல்ல ஈறு வெளிர் ரோஸ் கலரா, பல்லக் கெட்டியாப் புடிச்சிருக்கும். சில நாய்க்கு ஈறே கறுப்பா இருக்கும், அது பொறவி, தப்பில்ல. செவந்து உப்பிட்டா கிருமி உள்ள பூந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் ஈறு பல்ல வுட்டுப் பிரியும். பிரிஞ்ச சந்துல சீழ் தங்கும். அதுக்கப்புறம் பல்லத் தாங்குற எலும்பு கரையும். ஈறு செவந்தது மட்டும்னா திருப்பிக் கொண்டாந்துடலாம். நம்ம நெமிலிச்சேரியில எறங்க வேண்டியவன் தூங்கிப் போய்த் திருநின்றவூர்ல முழிச்சிகினா, எதிர் வண்டி புடிச்சு வந்து சேரலாம். எலும்பு கரைஞ்சுதுன்னா அது அரக்கோணத்துல முழிச்சிகிற கதை, அதுவும் கடைசி வண்டியில. போனது போனதுதான், நம்ம ஊரு வயலு மாதிரி. நீ வண்டி நிறுத்துற எடத்துல நான் நாத்து நட்டிருக்கேன் தெரியுமா? வண்டலூர்லேர்ந்து வெளிவட்டச் சாலை வந்து நம்ம ஊருல முட்டிச்சு, அப்புறம் மீஞ்சூருக்கு நீண்டுச்சு. ஒவ்வொரு காணியா, பல்லு வுழுற மாதிரி வுழுந்துச்சு. சரி, அத்த வுடு. அந்தக் காசுலதான் இந்தத் திண்ணையே கட்டுனேன்.

நாய்க்கு எத்தினி பல்லு சொல்லு பார்க்கலாம். இருபத்தெட்டா? அது குட்டியில. ஆறு ஏழு மாசத்துல அதெல்லாம் வுழுந்து மொளைச்சு முடிஞ்சா 42. மேல 20, கீழ 22. உனக்கு ஞானப்பல்லு மொளைச்சிருந்தா 32. நீ நாய்க்குக் கேக்கு வெட்டுறதப் பார்த்தா மொளைச்ச மாதிரி தெரியல. எனக்குக் கணக்குக்கு 17.

உன் சீசரு லேப்ரடாரு, வாயாவது பெருசு, 42 பல்லும் காலை நீட்டிப் படுக்கலாம். எதுத்த தெரு டீச்சரம்மா வூட்ல ஒரு பொமரேனியன் இருக்கே, அதுக்கும் அதே 42தான். அரை கிரவுண்டு மனையில நாப்பத்திரெண்டு வூடு கட்டுனா எப்பிடி இருக்கும்? ஒண்ணோட சுவரு இன்னொண்ணோட ஜன்னல்ல இடிக்கும், சந்துல குப்பை அள்ள வழி இருக்காது. நம்ம ஊரு லேஅவுட்டேதான். போதாததுக்கு அந்த ஜாதிக்குப் பால் பல்லு சில சமயம் வுழுவாது. புதுப் பல்லு வந்து நிக்குது, பழசு காலி பண்ணாத வாடகைக்காரன் மாதிரி கூடவே குந்தியிருக்குது. அத்த டாக்டர்தான் காலி பண்ணி வைக்கணும். சின்ன ஜாதி நாயிங்களுக்கு ஈறு சீக்கு முன்னாடியே வரும், கடுமையாவும் வரும். கீழ்த்தாடை எலும்பு மெல்லிசு, உள்ள கரைஞ்சு போயிருந்தா கட்டிலேர்ந்து குதிச்சாக் கூட ஒடைஞ்சு போறதுண்டு. டீச்சரம்மாகிட்ட இத்த நான் சொல்லல. சொன்னா எனக்கே பாடம் எடுப்பாங்க.

"நல்லாத்தான தாத்தா சாப்புடறான்"னு நீ சொல்லப் போறது எனக்குத் தெரியும். எல்லாரும் அப்பிடித்தான் சொல்றாங்க. பல்லு வலிக்குதுன்னு நாய் பட்டினி கெடக்காது தம்பி. கெடந்தா கூட்டத்துல மத்த நாய் தின்னுட்டுப் போய்டும்னு அதுக்கு ரத்தத்துல எழுதியிருக்கு. ஒரு பக்கமாவே மெல்லும். மெல்லாம முழுங்கும். கெட்டியான தீனி கடக்குனு கீழ வுழும், மறுபடி எடுக்கும். தலைய ஒருக்களிச்சு சாப்புடும். முன்னங்காலால மூஞ்சியத் தேய்க்கும். தண்ணிக் கிண்ணத்துல இழை இழையா ரத்தம் தெரியும். கயித்த இழுத்து வெளையாடுறத நிறுத்திடும். தலையத் தடவப் போனா உர்ருங்கும். இதுல ஒண்ணொண்ணுக்கும் நீ ஒரு பேரு வச்சிருப்ப: செல்லத்துக்குக் கொழுப்பு, செல்லத்துக்கு மூடு சரியில்ல, செல்லத்துக்கு க்ரீம் புடிக்கல. மேல் கோரைப்பல்லு வேர் அழுவிப் போனா வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல ஓட்டையே வுழுந்துடும். அப்புறம் ஒரு மூக்குல மட்டும் சளி, தும்மல். நீ ஏசியக் கொறைச்சு வச்சு வைத்தியம் பண்ணிகினு இருப்ப.

உன்ன மட்டும் கிண்டல் பண்ணா என் நாக்கு அழுவிடும். என் கதையும் கேளு.

அதோ படுத்துகிறானே கறுப்பன், அவனுக்குப் பதினொரு வயசு. ஒம்போது வயசுல ஒரு நாள் எடது கண்ணுக்குக் கீழ வீக்கம். தேனீ கொட்டியிருக்கும்னு மஞ்சப் பத்து போட்டேன். நாலு நாள்ல ஒடைஞ்சு சீழ் வந்துச்சு, ஆறிடுச்சு. மஞ்சளுக்குச் சமானம் ஏதுடான்னு ஊரெல்லாம் பீத்திகினேன். ஒரு மாசத்துல அதே எடத்துல மறுபடி வீக்கம். கண்ணுதான் கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தரு கண்ணு சொட்டு மருந்து குடுத்தாரு. ஊத்துனேன். மறுபடி ஒடைஞ்சுது, மறுபடி ஆறுச்சு. மூணாவது வாட்டி வந்தப்ப கண் திருஷ்டின்னு கெழவி பூசணிக்காய் ஒடைச்சா.

என் பேத்தி அப்ப ஒண்ணாங்கிளாசு. அவளுக்குப் பால் பல்லு வுழுந்துகினு இருந்த நேரம். கண்டவங்க வாயெல்லாம் தெறந்து எத்தினி பல்லுன்னு எண்றதுதான் அவளுக்கு வேலை. என்னத எண்ணிட்டு "தாத்தாவுக்கு ஃபெயில் மார்க்கு"ன்னா. அடுத்து கறுப்பன் உதட்டத் தூக்கிப் பார்த்துட்டுக் கத்துறா: "தாத்தா, இவனுக்குப் பெரிய பல்லு ஒடைஞ்சிருக்கு!" எட்டிப் பார்த்தேன். அருவாப் பல்லோட வெளிப்பக்கம் பலகை மாதிரி பேந்து போயி, நடுவுல ஊசி மொனை அளவுக்குக் கறுப்பா ஒரு புள்ளி. வீக்கத்துக்கு நேர் கீழ.

அந்தப் பல்லுக்கு மூணு வேரு. வேரு மொனை கண்ணுக்குக் கீழதான் போய் முடியுது. பல்லு ஒடைஞ்சு உள்ள கிருமி போனா, சீழ் கண்ணுக்கு அடியிலதான் கெளம்பும். நான் மூணு மாசம் கண்ணுக்கு வைத்தியம் பாத்தேன், சீக்கு வாயில குந்திகினு என்னப் பாத்து சிரிச்சுது. பல்ல ஒடைச்சது யாருன்றியா? நான்தான். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கறிக்கடைக்காரன்கிட்ட சொல்லி வச்சு, தொடை எலும்பு வாங்கிப் போடுவேன். "நாய்க்கு எலும்புதாண்டா பல்லு வெளக்குற குச்சி"ன்னு இதே திண்ணையில குந்தி எத்தினி பேருக்கு உபதேசம் பண்ணியிருப்பேன்!

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இட்டுனு போனேன். 1903லேர்ந்து இருக்கிற எடம். வெடிகாலையில ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன முழுசாப் பேசி, சி.டி.எச். ரோட்டுலயே ஆவடி, அம்பத்தூர், பாடின்னு போனோம். கறுப்பன் ஆட்டோவுல வாந்தி எடுத்தான். நான் எடுக்கல, அத்தயும் சொல்லிக்கிறேன். அங்க ஒரு டாக்டரம்மா, எம் பொண்ணு வயசிருக்கும், உதட்டத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "எலும்பு போடுவீங்களா ஐயா?" ஆமாம்னேன். மேல எதுவும் சொல்லல. திட்டியிருந்தா கூடத் தேவல.

மயக்கம் குடுத்துத்தான் செய்யணும்னாங்க. எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. வயசான உசுரு, மயக்கத்துலேர்ந்து எழுந்துக்கலன்னா? நீயும் அத்தத்தான் கேப்ப. கேளு, கேக்கணும். வயசுங்கிறது தனியா ஒரு சீக்கு இல்லையாம். அதுக்குள்ள இன்னா சீக்கு ஒளிஞ்சிருக்குங்கிறதுதான் பயமாம். அதுக்கு மொதல்ல ரத்தம் எடுத்துக் கிட்னி, கல்லீரல் பார்க்குறாங்க, நெஞ்சு சத்தம் கேக்குறாங்க. சின்ன ஜாதிக் கெழட்டு நாய்க்கு இதயத்துல வால்வு ஒழுகறது சகஜம், அத்தக் கண்டுபுடிச்சு அதுக்கேத்த மாதிரி மயக்கம் குடுக்கிறாங்க. தொண்டையில குழாய் வச்சு, கல்லு செதுக்குற தண்ணியும் கிருமியும் நுரையீரலுக்குப் போவாம காப்பாத்துறாங்க. எக்ஸ்ரே எடுத்து ஈறுக்குள்ள பொதைஞ்ச வேரப் பார்க்குறாங்க. பல்லுல நமக்குத் தெரியிறது பாதிதான், மீதி அடியில. கறுப்பனுக்கு ஒண்ணு புடுங்குவாங்கன்னு போனேன், ஆறு போச்சு. அஞ்சுக்கு வேர்ல எலும்பே இல்ல.

மயக்கமே இல்லாம வெறும் கையால கல்லு செதுக்கித் தர்றேன்னு சில பேரு கெளம்பியிருக்கானுங்களாம். அது பள்ளத்த மூடாம மேல தார் ஊத்துற கான்ட்ராக்டர் வேலை. வெளிய வெள்ளையாயிடும், ஈறுக்கடியில ஒண்ணும் ஆவாது. நாயப் புடிச்சு அமுக்கி வச்சுக் கூர்க் கம்பியால சொரண்டுனா, அடுத்த வாட்டி உன்னயே வாய்கிட்ட அண்ட வுடாது.

கிட்னி ரொம்பக் கெட்டுப் போயி, மயக்கம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னா அது வேற கதை. மருந்து மாத்திரையில ஓட்ட வேண்டியதுதான். அத்தச் சொல்ல வேண்டியது அவங்க, நீயும் நானுமில்ல. நீயே மெடிக்கல்ல போய் நம்ம தலைவலி மாத்திரை வாங்கி ஒடைச்சுப் போடாத. பாராசிட்டமால், இபுப்ரூஃபென், எல்லாம் நாய்க்கு வெனை. அளவு கொஞ்சம் ஏறுனா கல்லீரலும் கொடலும் போய்டும்.

வூட்டுக்கு வந்து ரெண்டு வாரம் கொழைஞ்ச சோறும் கோழித் தண்ணியும். மூணாவது வாரம் இன்னா பண்ணான் தெரியுமா? ரெண்டு வருஷமா மூலையில கெடந்த பழைய செருப்ப எடுத்துகினு வந்து என் காலாண்ட போட்டு, இழுடான்னு பார்த்தான். வயசாயிடுச்சு, வெளையாடறத வுட்டுட்டான்னு நான் முடிவு கட்டி வச்சிருந்தேன். வயசாவல, வலிச்சிருக்கு. அத்த நெனச்சா இப்பவும் எனக்கு... வெத்தலைப் பெட்டிய இப்பிடித் தள்ளு.

பல்லு புடுங்குன நாய் காவலுக்கு ஆவுமான்னு கெழவி கேட்டா. குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொன்னவனே, அதுக்குப் பல்லு வலி இருந்ததப் பார்த்துட்டுத்தான் சொல்லியிருப்பான்னேன். நாய்ப் பல்லுக்கு நம்ம நாட்டுல இருந்த மரியாத கொஞ்சமா? திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூர்னு ஒரு ஊரு. அங்க ஒரு நடுகல்லு இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது, ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும். மாடு காக்கச் சண்டை போட்டுச் செத்த வீரன் ஒருத்தன், அவன் காலடியில ஒரு நாய். அந்த நாய் திருடனுங்களக் கடிச்சுக் காவல் காத்துதுன்னு அதோட பேரையும் சேர்த்தே வெட்டி வச்சிருக்கான். கோவிவன்னு பேரு. என் பேரு ரேஷன் கார்டுலயே தப்பா இருக்கு. உன் சீசரு திருடனக் கடிச்சுக் கல்வெட்டுல ஏற வேணாம் தம்பி, சோறு கடிக்க முடிஞ்சா போதும்.

இப்ப நீ பண்ண வேண்டியது. ஆர்வத்துல இன்னிக்கே பிரஷ் வாங்கிக் கொடையாத. ஈறு செவந்து வலிக்கிற வாயில பிரஷ் போட்டா, பிரஷ்ஷுன்னாலே எதிரின்னு முடிவு பண்ணிடுவான். மொதல்ல டாக்டர்கிட்ட போ, சுத்தம் பண்ணு, ஆறட்டும். அப்புறம் ஆரம்பி. மொத வாரம் உதட்டத் தொட்டு, தூக்கி, விட்டு, தலையத் தடவு, அவ்வளவுதான். அடுத்த வாரம் பழைய வேட்டித் துணி இருக்கா? ஏன் இருக்கப் போவுது. பனியன் துணியாவது இருக்குமில்ல, வெரல்ல சுத்திக் கோழித் தண்ணியில நனைச்சு, பல்லோட வெளிப்பக்கம் மட்டும் தேய். உள்பக்கத்த அவன் நாக்கே பார்த்துக்கும். அதுக்குப் பழகுனப்புறம் கைக்கொழந்தைக்கு வாங்குற மெத்துன்னு இருக்கிற பிரஷ். ஈறும் பல்லும் சேர்ற எடத்துல லேசா சாய்ச்சு வச்சு, ஒரு பக்கத்துக்கு முப்பது எண்ணு. தெனம் பண்ணணும். முடியலன்னா ஒரு நாள் வுட்டு ஒரு நாள். மாசத்துக்கு ஒரு வாட்டி பண்றதுக்குப் பண்ணாமலே இருக்கலாம், ரெண்டு மூணு நாள்லயே கல்லாவுதுன்னு இப்பத்தான சொன்னேன்?

உன் பேஸ்ட்டு வேணாம். நீ துப்புவ, அவன் முழுங்குவான். நொரையும் ஃப்ளூரைடும் வயித்துக்கு ஆவாது. சில பேஸ்ட்டுல சைலிடால்னு இனிப்பு போடுறான். அது நாய் வயித்துக்குள்ள போனா ரத்தத்துல சர்க்கரை மடமடன்னு எறங்கி, கல்லீரலும் கெட்டு, உசுருக்கே ஆபத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கத்துலயும் அது இருக்கும், பாக்கெட்ட சோபாவுல போட்டுட்டுப் போவாத. நாய்க்குன்னே கோழி வாசனையில பேஸ்ட்டு விக்கிறான், முழுங்கலாம். எங்க காலத்து வைத்தியமும் வேணாம். ஆலங்குச்சி வேப்பங்குச்சி நமக்கு, அவன் மென்னா நார் ஈறுல குத்தும். உப்பு, அடுப்புக்கரி, கிராம்புத் தைலம், எதுவும் வேணாம். நான் சொல்றேன் பாரு, மஞ்சப் பத்து போட்டவன்.

கடிக்க எதாவது குடுக்கணும்னா ஒரு சோதனை இருக்கு. அத்த எடுத்து உன் கால் முட்டியில ஓங்கித் தட்டு. 'ஐயோ'ன்னு கத்துனா அது அவன் பல்லுக்கும் ஆவாது. எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் கொளம்பு, ஐஸ் கட்டி, நாலுக்கும் நீ கத்துவ. பிரியாணி எலும்பு இன்னும் மோசம், வெந்த எலும்பு சில்லு சில்லாப் பேந்து கொடலக் குத்தும். நகத்தால அழுத்துனா பள்ளம் வுழணும், அதுதான் சரியான பதம். பல்லுக்குன்னு கடையில விக்கிற மெல்ற சாமான்ல வி.ஓ.எச்.சி.ன்னு முத்திரை இருக்கான்னு பார்க்கச் சொல்றான் எம் பேரன். மெய்யாவே கல்லு கொறையுதான்னு சோதிச்சுப் பார்த்த சரக்குக்குத்தான் அந்த முத்திரையாம். ஆனா அது பிரஷ்ஷுக்குத் தொணை. பிரஷ்ஷுக்குப் பதிலுன்னு நெனைக்காத.

இன்னொண்ணு. உதட்டத் தூக்குற பழக்கம் வந்துட்டா பல்லு மட்டுமில்ல, ஊர்ப்பட்ட சேதி தெரியும். ஈறு வெளுத்துப் போயிருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், நம்ம பக்கம் உண்ணிக்குப் பஞ்சமா? மஞ்சளா இருந்தா கல்லீரல். புதுசா கறுப்பாவோ செவப்பாவோ ஒரு கட்டி தெரிஞ்சா நாள் கடத்தாத. வயசான நாய்க்கு வாயில புத்து வர்றதுண்டு.

எழுந்துக்குறியா? ஆபீஸ் கால் வந்துடுச்சா. போ, போ. அடுத்த வருஷம் கேக்கு வெட்டுறப்ப எனக்கும் ஒரு துண்டு அனுப்பு. க்ரீம் எனக்குப் புடிக்கும், மெல்ல வேணாம் பாரு. அதுக்கு முன்ன சீசர டாக்டராண்ட காட்டிட்டு, எத்தினி மிச்சம்னு எண்ணிகினு வந்து சொல்லு. கறுப்பனுக்கு இன்னிக்குக் காலையில எண்ணுனேன், 36. எனக்கு 17.